பறவையைக் கொல்லும் மரம் ஊனுண்ணியா?

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கடலோரக் காடுகளில் பிசோனியா கிராண்டிஸ் என்ற மரம் வளர்கிறது. இதன் இளம்பச்சை வகைதான் தமிழகத்தில் லச்சகொட்டைக் கீரை, யாழ்ப்பாணத்தில் சண்டி. வீட்டோரம் போத்து நட்டு வளர்த்து, இலையைச் சமைத்துண்ணும் சாதுவான மரம். ஆனால் செஷல்ஸ் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவிலும் இதே இனத்தின் பிசின் பூசிய கனிகள் ஆலா எனும் கடற்பறவைகளின் இறகில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ள, பறக்க முடியாமல் அவை மரத்தடியில் பட்டினி கிடந்து சாவது வழக்கம். மடகாஸ்கரில் ஆளைத் தின்னும் மரம் இருப்பதாக 1874இல் நியூயார்க் நாளிதழ் ஒன்று கட்டிவிட்ட கதையை நம்பியவர்கள் பலர். அந்தக் கற்பனைக்கு மிக அருகில் வரும் நிஜ மரம் இதுதான். இருந்தும் இதை ஊனுண்ணி என்பது தவறு.

ஊனுண்ணித் தாவரம் இரையைப் பிடித்தால் மட்டும் போதாது. அதைச் செரித்துச் சத்தை உறிஞ்சவும் வேண்டும். மேகாலயாவின் குடுவைச் செடியும் நீலகிரியின் அழுகண்ணியும் இலையாலேயே இதைச் செய்கின்றன. அழுகண்ணி இனம் பூச்சியைச் செரிப்பதை டார்வின் 1875இல் நூலாகவே எழுதி நிறுவினார். பிசோனியாவின் இலையிலோ பொறியும் இல்லை, செரிமான நீரும் இல்லை. ஒட்டும் பிசின் கனியில் மட்டுமே உண்டு. அதன் வேலை விதையைப் பரப்புவது.

செத்த பறவை மட்கி வேருக்கு உரமாகுமே, அதுவும் ஒருவகை உண்ணல்தானே என்று கேட்கலாம். உயிரியலாளர் ஆலன் பர்கர் செஷல்ஸின் கசின் தீவில் இதைச் சோதித்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டார். சடலங்களால் நாற்றுகளுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் கிடைக்கவில்லை. கிளைகளில் கூடு கட்டி ஆண்டுதோறும் எச்சமிடும் பறவைகள் தரும் உரத்தோடு ஒப்பிட்டால் சடலத்தின் பங்கு சொற்பம். சடலம் கடலில் மிதந்து விதையை வேறு கரைக்குக் கொண்டுசெல்லும் என்ற வாதமும் நிற்கவில்லை: தொடர்ந்து கடல்நீரில் ஊறிய விதைகள் ஐந்தே நாளில் செத்தன. பறக்கும் பறவை மேல் இருப்பதுபோல அவ்வப்போது மட்டும் நனைத்த விதைகளோ நான்கு வாரம் உயிரோடிருந்தன.

அப்படியானால் கொல்லுமளவு பிசின் எதற்கு? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடல் தாண்டி மற்றொரு தீவை அடையும்வரை விதை இறகிலிருந்து நழுவக் கூடாது. அந்த உறுதியான பிடிக்குச் சில பறவைகள் பலியாகின்றன. மரத்துக்கு வேண்டியது பறந்து தப்பும் பறவைதான். ஆகவே தீவுகளின் கடலோரக் காட்டைக் காக்க முனைவோர் இம்மரத்தையும் அதில் தங்கும் பறவைகளையும் சேர்த்தே காக்க வேண்டும்.