திறந்திருக்கும் பட்டறை

 

பீங்கானுக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்தில் ஓர் உண்மை எவருக்கும் தெரியும். கடையில் கோப்பை வாங்குபவர் அதன் பளபளப்பையே காண்பார். களிமண்ணைக் கரைத்து, அச்சில் வார்த்து, சூளையில் சுடும் இடத்தில் நின்றவரே தொழிலைக் கற்பார். கணினிக் கல்வியும் அத்தகையதே. நம் பிள்ளைகளில் பலர் பெருந்தொகை செலுத்திப் படித்தும், பிறர் செய்த கோப்பையைக் கையாள்வதோடு நின்றுவிடுகின்றனர்.

பட்டறையின் கதவைத் திறந்து வைப்பதே கட்டற்ற மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு இதற்கென குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இன்று உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசி லினக்ஸின் மீதே இயங்குகிறது.

இது எட்டாத தொலைவில் இல்லை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. எத்தனை வீடுகளில் அதைத் திறந்து பார்த்தோம்? அருகிலுள்ள விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பித்து வருகின்றனர்.

இதில் மார்க்கம் சார்ந்த கேள்வியும் உண்டு. அமானிதத்தைப் பேணுமாறு பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், உரிமையின்றிப் படியெடுத்த மென்பொருளை வீட்டில் வைத்திருக்கலாமா? அனுமதியோடு கிடைக்கும் வழி இருக்கையில் அந்நிலை நமக்கு எதற்கு?

மகனோ மகளோ பைத்தான் மொழியில் தொடங்கட்டும். லிபர் ஆபிஸ் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தி, காணும் பிழையைத் தெளிவாக எழுதி அனுப்பட்டும். ஆங்கிலமும் தமிழும் அறிந்தவர் மொழிபெயர்ப்பில் உதவலாம். பின்னர் நிரலிலேயே கைவைக்கலாம். முதலில் அனுப்பும் திருத்தம் ஏற்கப்படாமல் திரும்பக்கூடும். மனம் தளர வேண்டாம். உஸ்தாதின் முன் ஓதும் மாணவன் திருத்தப்பட்டுத்தானே தேறுகிறான்! வேலை உடனே கிடைத்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால், பிள்ளை செய்த பணி பலரும் காணும் சான்றாக நிற்கும்.

மனிதர் மறைந்த பின்னும் நன்மை சேர்ப்பவற்றுள் பயன்தரும் கல்வியும் ஒன்று என்பது நபிமொழியின் கருத்து. முகமறியாத ஒருவருக்கும் பயன்படும் நிரலை நம் பிள்ளைகள் எழுத வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.