ஏர் பிடித்தவரின் பேர் எங்கே?

மைசூர்ச் சீமை விவசாயியின் ஏழு தலைமுறையை அரசாங்க ஃபைல்களில் தேடினால் கிடைப்பது அரிது. எருதின் மேல் ஏறி வந்த ஹெளவர்களிடம் அது இருந்தது. இப்போது அவர்கள் வருகையே அருகி வருகிறது.

கார்ன்வாலிஸ் பிரபுவை இரண்டு தேசத்து விவசாயிகளுக்குத் தெரியும். 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் தோற்றுச் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி அவர். பதினோரு வருடம் கழித்து, 1792-ல், சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு, திப்பு சுல்தானிடம் பாதி ராஜ்யத்தையும் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகவும் வாங்கிச் சென்றவரும் அவரே. வர்ஜீனியாவில் புகையிலை போட்டவருக்கும் காவிரிக் கரையில் கேழ்வரகு விதைத்தவருக்கும் அவர் படை வந்துபோன காலம் ஒரு கெட்ட காலம்.

இந்த இரண்டு விவசாயிகளின் வாரிசுகளும் இன்று தங்கள் மூதாதையைத் தேடிக் கிளம்பினால் யாருக்குக் கிடைப்பார்?

அமெரிக்கருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். மூதாதை நிலம் வாங்கியிருந்தால் மாவட்டக் கோர்ட்டில் பத்திரம் பதிவாகியிருக்கும். இறந்தபோது கலப்பை, பசு, கட்டில் முதற்கொண்டு சொத்துப் பட்டியல் எழுதியிருப்பார்கள். ஞானஸ்நானமும் கல்யாணமும் சர்ச் பதிவேட்டில் இருக்கும். 1790-ல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கு குடும்பத் தலைவர்களைப் பெயர் சொல்லியே எழுதியது. இந்தக் காகிதங்களைத் தேடித் தருவதற்கென்றே பாஸ்டனில் 1845-ல் ஒரு சங்கம் தொடங்கி, இன்றும் நடக்கிறது.

மைசூர்க்காரர் கதை வேறு. இங்கே எழுத்துக்குப் பஞ்சமில்லை. லூயிஸ் ரைஸ் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா'வில் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ்க் கல்வெட்டுகளும் ஏராளம். ஆனால் கல்லில் ஏறியவர்கள் பெரும்பாலும் தானம் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும். மாடு மீட்கப் போய் மடிந்த வீரனுக்கு நடுகல் உண்டு. உழுது, அறுத்து, வயதாகிச் செத்தவனுக்குக் கல் கிடையாது.

திப்பு வீழ்ந்த மறு வருடமே, 1800-ல், வெல்லெஸ்லி பிரபு அனுப்பிய டாக்டர் பிரான்சிஸ் புக்கனன் மைசூர் முழுக்கச் சுற்றி, பயிர் என்ன, கூலி என்ன, எந்த ஊரில் எந்தச் சாதி என்று எழுதிக் குவித்தார். அதில் விவசாயம் இருக்கிறது. உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தாத்தா பெயர் இருக்காது. 1863-ல் தொடங்கிய நில அளவையில் வரி கட்டும் காத்தாதாரர் பெயர் வந்தது. வாரத்துக்கு உழுத குத்தகைதாரர்களில் பலருடைய பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏற மேலும் நூறு வருடம் ஆயிற்று. மைசூர் மாவட்டம் ஹுன்சூர்த் தொகுதியிலிருந்து வந்த தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராக இருந்தபோது, 1974-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டது. உழுபவர் தன் உரிமையைக் கோரி 'ஏழாம் நம்பர் படிவம்' கொடுத்தார். அதுவே பல குடும்பங்களுக்கு முதல் ஆவணம்.

நடக்கும் பதிவேடு

காகிதம் கைவிட்ட இடத்தில்தான் ஹெளவர்கள் வருகிறார்கள். ஹெ-ள-வர் என்று பிரித்துப் படிக்க வேண்டும். கன்னடத்தில் 'ஹெளவ' என்றால் நொண்டி. குலக்கதை சொல்வதே இவர்கள் குலத்தொழில். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் இவர்களும் உண்டு: பெல்லாரி, மைசூர்ப் பகுதிகளில் கால்களைக் கம்பளியால் மூடிக்கொண்டு எருதின் மேல் வருவார்கள், வீடு வீடாகப் போய்க் குடும்ப வரலாற்றையும் போரில் மாண்டவர்களின் பெயர்களையும் சொல்வார்கள் என்று அவர் எழுதுகிறார். தெலுங்குச் சீமையில் இதே தொழில் செய்பவர்கள் பிச்சிகுண்டலவர்.

எருதுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அண்ணன் தம்பிகளில் ஒருவருக்குக் கால் விளங்கவில்லை. ஏர் பிடிக்க முடியாதவருக்கு மற்றவர்கள் ஓர் எருதைக் கொடுத்து, 'எங்கள் வம்சத்தைச் சொல்லிப் பிழைத்துக்கொள், எங்கள் பிள்ளைகள் உனக்குப் படியளப்பார்கள்' என்றார்களாம். நிஜமோ கற்பனையோ, ஏற்பாட்டின் சாரம் அதில் இருக்கிறது. நிலத்தில் பங்கில்லாதவருக்கு நிலத்தவர்களின் ஞாபகமே பங்கு.

ஒக்கலிகர், லிங்காயத்து, குருபர் போன்ற உழுகுடிகள்தான் பெரும்பாலும் இவர்களை ஆதரிப்பவர்கள். அறுவடை முடிந்த பிறகு, வருடத்துக்கு ஒரு முறையோ சில வருடங்களுக்கு ஒரு முறையோ ஹெளவர் வருவார். மூல புருஷனில் தொடங்கிப் பெயர்களை அடுக்குவார். எந்த ஊரிலிருந்து கிளம்பி எந்த ஊரில் தங்கினார்கள், குலதெய்வம் எது, எந்த அண்ணன் பிரிந்து எங்கே போனார் என்று சொல்வார். புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார். தானியம், துணி, பணம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஆதியில் ஓலை, பிறகு கணக்குப் பேரேடு மாதிரித் தடித்த நோட்டு. எந்த ஊர் யாருக்கு என்பதும் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து.

இதெல்லாம் வெறும் பழம்பெருமைக்கு அல்ல. கொங்கு நாட்டில் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்காதது போல, இங்கே ஒரே 'பெடகு'க்குள் சம்பந்தம் கிடையாது. கல்யாணப் பேச்சில் சந்தேகம் வந்தால் ஹெளவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருடப் பஞ்சம் போன்ற பேரழிவுகளுக்குப் பிறகு இதன் அருமை புரியும். 1871-ல் 50 லட்சத்துக்கும் மேல் இருந்த மைசூர் ராஜ்யத்து ஜனத்தொகை, 1881-ல் 42 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஊர் ஊராகச் சிதறிய குடும்பங்களுக்கு விட்டு வந்த ஊரின் பெயரை ஞாபகப்படுத்த ஓர் ஆள் இருந்தது சாதாரண விஷயமல்ல.

அப்படியே நம்பலாமா?

ஹெளவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. படியளப்பவரின் முன்னோர்களை உயர்த்திச் சொல்லத்தான் எவருக்கும் தோன்றும். 1976-ல் 'ரூட்ஸ்' எழுதிய கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஒரு வம்சக்கதை சொல்லியின் வாயால் தன் மூதாதை பெயரைக் கேட்டதாக எழுதி உலகத்தை உருக வைத்தார். அவர் எதை எதிர்பார்த்தாரோ அதையே சொல்லியிருக்கிறார்கள் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆகவே ஹெளவர் சொல்லும் கடைசி நான்கைந்து தலைமுறையை நிலக் காகிதங்களோடு ஒப்பிட வேண்டும். அவை பொருந்தினால், அதற்கு முந்தையவற்றையும் கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்கலாம்.

ஏட்டில் விடுபட்டவர்களும் உண்டு. வம்சம் பெரும்பாலும் தகப்பன் வழியில் போவதால் மகள்கள் காணாமல் போகிறார்கள். படியளக்க வழியில்லாத நிலமற்ற கூலிகளின் வீட்டுக்கு ஹெளவர் போனதில்லை. அமெரிக்கக் காகிதமும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கு எஜமானர் பெயரின் கீழே வயதும் பாலினமும் மட்டும் உண்டு, பெயர் இல்லை. அங்கேயும் இங்கேயும் பிறர் நிலத்தில் உழைத்தவர்களைத் தேடுவதுதான் கஷ்டம்.

இந்தத் தேடல் இன்றைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் மைசூரில் ஒரு நாட கச்சேரிக்குப் போய்ப் பார்க்கலாம். தகப்பனார் இறந்த பிறகு நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற 'வம்ச விருட்சம்' வேண்டும். நம்மூர் வாரிசுச் சான்றிதழ் மாதிரி. 'பூமி' திட்டத்தில் பஹணி கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டாலும், எப்போதோ காலமான தாத்தா பெயரிலேயே நிற்கும் நிலங்கள் ஏராளம். மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989-லும் கர்நாடகம் 1994-லும் சட்டம் திருத்தின. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. ஹெளவர் எழுதாத பெயரை இப்போது தாசில்தார் எழுதியாக வேண்டும். ஆனால் தாசில்தாருக்குத் தேவை பஹணியில் இருப்பவரின் வாரிசுகள் மட்டுமே. அதற்கு மேலே போக அவருக்கு வேலையில்லை.

மேலே போகத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். ஹெளவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். யாசகம் என்று ஊர் பார்க்கும் தொழிலை அவர்கள் விடுவதில் தவறு சொல்ல முடியாது. தொழில் போகட்டும், நோட்டுகளும் கூடவே போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஹரித்துவார் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளை அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த ஒரு சங்கம் மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருக்கிறது. மானசகங்கோத்ரியில் நாட்டார் அருங்காட்சியகம் வைத்திருக்கும் மைசூர் பல்கலைக்கழகத்துக்கு இதைச் செய்வது பெரிய காரியமல்ல. ஒரு நிபந்தனை: நோட்டு ஹெளவரின் பரம்பரைச் சொத்து. அவர் சம்மதத்தோடு, உரிய விலை கொடுத்துத்தான் பிரதி எடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் படி வாங்கிக் காத்த கணக்கை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.