எந்த நலத்திட்டம் பலன் தரும்? ஊர்களுக்கு வழிகாட்டும் தரவுத்தளங்கள்

ஓர் ஊரில் நீரிழிவைக் குறைக்க வேண்டும். இருப்பதோ கொஞ்சம் நிதி, நான்கைந்து பணியாளர்கள். விழிப்புணர்வுப் பேரணி நடத்துவதா, நடைப்பயிற்சிக் குழு தொடங்குவதா, வீடு வீடாகப் போய் ஆலோசனை சொல்வதா? இப்படித் திகைக்கும் உள்ளூர் நிர்வாகங்களுக்கு ஆய்வுகளைக் கொண்டு பதில் சொல்கிறது, அமெரிக்காவின் ‘கம்யூனிட்டி கைடு’ தரவுத்தளம்.

நல்ல நோக்கம் போதாதா?

போதாது. 1983-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ‘டேர்’ திட்டம் தொடங்கியது. காவலர்கள் வகுப்பறைக்கே வந்து போதைப்பொருளின் தீமைகளை எடுத்துச் சொன்னார்கள். வரவேற்பு கிடைத்தது, நாடெங்கும் பரவியது. ஆனால், அந்த மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், போதைப் பழக்கம் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை என்றே காட்டின.

எது பலன் தரும் என்று ‘கம்யூனிட்டி கைடில்’ யார் முடிவு செய்கிறார்கள்?

1996-ல் அமெரிக்க சுகாதாரத் துறை அமைத்த சுயேச்சையான நிபுணர் குழு. வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் தரத்தைச் சோதித்து, ‘செய்யலாம்’, ‘வேண்டாம்’, ‘ஆதாரம் போதாது’ என மூன்றில் ஒரு முடிவைக் குழு அறிவிக்கும். பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதமோ தொலைபேசி அழைப்போ மூலம் நினைவூட்டுவது முதல் வகை. அரசிடம் உள்ள மதுச் சில்லறை விற்பனையைத் தனியாருக்கு விடுவது இரண்டாம் வகை. அப்படி விட்ட இடங்களில் மது நுகர்வு கூடியது. மூன்றாம் வகையைப் பலனற்றது என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதை இன்னும் ஆராய வேண்டும் என்பதே பொருள்.

ஓரிடத்துப் பலன் எல்லா இடத்திலும் கிடைக்குமா?

அதே அளவில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்ததாக 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறியது. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு இந்தியர்களிடையே நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில் அது 28.5 சதவீதம். அந்த மூன்றாண்டு ஆய்வில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறை மாற்றத்துக்குத் தொடர் ஆலோசனை பெற்ற பிரிவில் 39 சதவீதம். அளவு குறைந்தாலும் பலன் உறுதியானது.

ஆகவே, ‘நல்ல திட்டம்’ என்ற முத்திரை மட்டும் ஓர் ஊருக்கு உதவாது. யாரிடம், எங்கே சோதித்தார்கள், எத்தனை பணியாளர்கள் தேவை, என்ன செலவாகும், எதை ஊருக்கேற்ப மாற்றலாம் என்பதெல்லாம் தரவுத்தளப் பதிவில் இருக்க வேண்டும். பலிக்காத திட்டங்களையும் மறைக்காமல் பதிய வேண்டும். அப்போதுதான் அடுத்த ஊர் தன் பணத்தையும் மக்களின் நம்பிக்கையையும் அதே திட்டத்தில் இழக்காமல் தப்பும்.