எட்டு நாட் படகும் பதினைந்து நாட் நீரும்

அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டியே அலாஸ்கா வரைக்கும் தீவுகளுக்கு உள்ளாக ஒரு நீர்வழி போகிறது. பெயர் இன்சைட் பாசேஜ். பசிபிக்கின் பேரலைகளைப் பெரும்பாலான தூரத்துக்கு வெளியே நிற்கும் தீவுகளே வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள சொந்தப் படகில், இரண்டே பேராகக்கூட, கோடையில் ஏறத்தாழ 1,000 கடல் மைல் வடக்கே போகிறார்கள். அலை குறைவு என்பதால் சுலபமான பயணம் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தக் கரையில் பயப்பட வேண்டியது ஓதத்துக்கு, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்துக்கு.

முதலில் படகைப் பார்த்துவிடலாம். இந்த வழியில் அதிகம் காணப்படும் டீசல் படகுகள் நீரின் மேல் வழுக்கி ஓடுபவை அல்ல. நீரை ஒதுக்கிக்கொண்டு ஊர்பவை. ஓடும்போது படகே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அது படகின் நீளத்தை எட்டிவிட்டால், தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏறவேண்டிய நிலை படகுக்கு. அதற்குமேல் எஞ்சினை முடுக்கினால் டீசல்தான் தீரும். இதற்கு ஒரு கணக்கு உண்டு: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்க வேண்டும். 36 அடிப் படகுக்கு விடை சுமார் 8 நாட், அதாவது மணிக்கு 8 கடல் மைல்.

வான்கூவர் தீவுக்கு உள்பக்கமாக இருக்கும் சீமோர் நீரிணையிலோ நீரே 15 நாட் வரை ஓடுகிறது.

கடல் ஏன் ஆறுபோல ஓடுகிறது? ஏறும் ஓதம் வான்கூவர் தீவை வடக்கு, தெற்கு என இரண்டு முனைகளிலும் சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. ஆகவே குறுகிய வாயின் ஒரு பக்கம் நீர்மட்டம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்கிறது. மேட்டு நீர் பள்ளத்துக்குப் பாய்கிறது, அவ்வளவுதான். சீமோரில் ஏற்றநீர் தெற்கு நோக்கி ஓடும் விந்தைக்கும் இதுவே காரணம்.

அந்த வாயின் நடுவில் ரிப்பிள் ராக் என்ற இரட்டை முகட்டுப் பாறை ஒளிந்திருந்தது. வற்றுநீரில் அதன் ஒரு முகடு மூன்று மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பாறை அது. மேலே மிதவை கட்டித் துளையிடப் பார்த்தார்கள். நீரோட்டம் நிற்க விடவில்லை. கடைசியில் பக்கத்துத் தீவிலிருந்து கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, பாறைக்குள்ளேயே ஏறி, ஆயிரம் டன்னுக்கும் மேல் வெடிமருந்தை அடைத்து 1958 ஏப்ரல் 5 அன்று தகர்த்தார்கள். பாறை போயிற்று, ஓட்டம் போகவில்லை.

எனவே படகுக்காரர்கள் நீர் நின்று திரும்பும் இடைவேளைக்குக் காத்திருக்கிறார்கள். சில இடங்களில் அது சில நிமிடங்கள்தான். ஓதம் உச்சியில் இருக்கும்போது ஓட்டமும் நிற்கும் என்று புதியவர்கள் நம்பிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு நேரங்கள். நீரோட்டத்துக்கெனத் தனி அட்டவணையே உண்டு. அலாஸ்காவின் எண்டிகாட் ஆர்ம் என்ற கடற்கிளையில் ஃபோர்ட்ஸ் டெரர் என்று ஓர் இடம். 1889-இல் ஃபோர்டு என்ற கடற்படைக்காரர் நீர் அடங்கியிருந்தபோது அதன் குறுகிய வாய்க்குள் துடுப்பு வலித்துப் போனார். திரும்ப நினைத்தபோது வாய் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரம் உள்ளேயே அகப்பட்டுக் கிடந்தாராம். அவருடைய திகில்தான் இன்றும் வரைபடத்தில் இடப்பெயராக நிற்கிறது.

ஒதுங்கி நங்கூரம் போட்ட பிறகும் கணக்கு விடுவதில்லை. அலாஸ்காவின் ஜூனோ பக்கம் பெரிய ஓதங்களில் நீர் 6 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். வற்றுநீரில் 8 மீட்டர் ஆழம் என்றால் ஏற்றத்தில் 14. ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது வழக்கம் என்பதால் 70 மீட்டர் வேண்டும். அவ்வளவு விட்டால் படகு பெரிய வட்டமாகச் சுற்றும். அதற்கு மலையிடுக்கில் இடம் இராது. எனவே முன்னால் நங்கூரம், பின்னால் கரைமரத்துக்கு ஒரு நீண்ட கயிறு என்று இரண்டு பக்கமும் கட்டிவிடுவார்கள். பாறையில் சிப்பிகள் கத்தியாய் நிற்கும்; கயிறு உரசாமல் பார்ப்பது தனி வேலை.

கரைக்குப் போகும் சிறு தோணிதான் எனக்கு இதில் சுவையான சிக்கலாகப் படுகிறது. ஏற்றத்தில் மணலோரம் இழுத்துவிட்டுக் காட்டுக்குள் உலாவப் போனால், திரும்பும்போது நீர் எங்கோ விலகிப்போய், தோணி வழுக்குப் பாறைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். வற்றத்தில் விட்டுப் போனாலோ நீர் தூக்கிக்கொண்டு போய்விடும். தப்ப வழி: தோணியிலிருந்தே கரையைவிட்டுத் தள்ளி ஒரு சிறு நங்கூரத்தை இறக்கி, அதில் உள்ள வளையத்தின் வழியே கயிற்றைச் சுற்றாக ஓடவிட்டு, தோணியை அந்தச் சுற்றில் கட்ட வேண்டும். கரையில் இறங்கியதும் ஒரு பக்கம் இழுத்தால் தோணி ஆழத்துக்குப் போய் மிதக்கும். புறப்படும்போது மறுபக்கம் இழுத்தால் காலடிக்கு வந்துவிடும். கயிற்றை மட்டும் உயர்நீர்க் கோட்டுக்கு மேலே உள்ள மரத்தில் கட்ட வேண்டும். அந்தக் கோடு எது என்று பாசியும் ஒதுங்கிய கட்டைகளும் காட்டிக்கொடுக்கும்.