பெரிய கம்பெனிகளும் சிறு போட்டியாளரும்

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பென்னலூர் என்ற கிராமம் இருக்கிறது. வயலும் ஏரியுமாக இருந்த அவ்வட்டாரம் இன்று யந்திரசாலைகள் நிறைந்த பிரதேசமாகிவிட்டது. பெரிய கம்பெனியின் பங்குகளை வாங்கிவிட்டால் பயமில்லை, சிறு போட்டியாளர் அதை என்ன செய்துவிட முடியும் என்று நம்பும் முதலீட்டாளர், இவ்வட்டாரத்தின் சமீப சரித்திரத்தைச் சற்று ஆராய்வது நலம்.

பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனி 2006-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலையைத் திறந்தது. அப்போது உலக விற்பனையில் அதற்கே முதலிடம். இந்தியாவில் விற்ற கைப்பேசிகளில் பாதிக்கு மேல் அதனுடையவை. பணத்திலோ பெயரிலோ அதற்குக் குறைவில்லை. ஆராய்ச்சிக்கு அது செலவிட்ட தொகை ஆப்பிள் கம்பெனி செலவிட்டதைக் காட்டிலும் அதிகம்.

எனினும் இரு புறமும் தாக்குதல் வந்தது. 2007-இல் ஆப்பிளின் ஐபோனும், மறு வருஷம் கூகிளின் ஆண்ட்ராய்டும் வெளிவந்து, கைப்பேசியைக் கையடக்கக் கணினியாக மாற்றின. மலிவுச் சந்தையிலோ, மைக்ரோமாக்ஸ், கார்பன் முதலிய இந்தியக் கம்பெனிகள் இரண்டு சிம் பொருத்தும் கருவிகளை விற்றன. நம் ஜனங்கள் விரும்பியதும் அதுவே. நோக்கியா தயங்கிற்று. இருந்த சரக்கே நல்ல லாபம் தந்தபோது, அதைத் தானே கெடுத்துக்கொள்ள அதற்கு மனம் வரவில்லை. மனம் மாறியபோது காலம் கடந்துவிட்டது.

2014 ஏப்ரலில் அதன் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்ட் கைக்கு மாறிற்று. வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வருஷம் நவம்பர் 1-ஆம் தேதியுடன் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர் பிழைப்பை இழந்தனர். அதற்குப் பாகங்கள் செய்து வந்த ஃபாக்ஸ்கானும் டிசம்பரில் இங்கே வேலையை நிறுத்திற்று. வாங்கிய மைக்ரோசாப்டோ மறு வருஷமே சுமார் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதிவிட்டது.

நிற்க. சிறியவனே எப்போதும் வெல்வான் என்று சொல்வதும் பிசகு. 1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனியை, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தே நெருக்கிற்று. சர்க்காரின் தயவும் வெள்ளையர் பக்கமே இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் செல்வதே இரு கப்பல்களும் செய்த வேலை. ஒரே சரக்கில் போட்டியிட்டால் பணப்பை பெரியவனே தாக்குப்பிடிப்பான். நோக்கியாவைத் துரத்திய மைக்ரோமாக்ஸையே, பின்னர் ஷியோமி முதலிய சீனக் கம்பெனிகள் பின்தள்ளிவிட்டன.

ஆகவே முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி, கம்பெனி எவ்வளவு பெரியது என்பதன்று. சரக்கே மாறும் காலம் வந்தால், தன் இன்றைய லாபத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் துணிவு அதற்கு உண்டா? வாங்குவோர் விரும்பி வாங்குகிறார்களா, வேறு வழியின்றி வாங்குகிறார்களா? அதன் பலம் சொந்தத் திறமையா, சர்க்காரின் சலுகையா? இம்மூன்றுக்கும் தக்க விடையில்லாத கம்பெனியின் பருமன் காப்பாகாது.

பங்குதாரர் தம் பங்கை ஒரு நொடியில் விற்றுவிடலாம். நிலம் கொடுத்த கிராமத்தாரும் வேலைக்கு வந்த பெண்களும் அவ்வாறு வெளியேற இயலாது. இன்று அதே ஃபாக்ஸ்கான் இவ்வட்டாரத்தில் ஆப்பிளுக்காக ஐபோன் செய்கிறது. நோக்கியாவின் பழைய ஆலையை சால்காம்ப் கம்பெனி எடுத்துக்கொண்டது. மகிழ வேண்டியதே. ஆனால் நிலமும் வரிச் சலுகையும் அளிக்கும் சர்க்காரும் பொதுப்பணத்தை இடும் முதலீட்டாளரே. ஒரு கம்பெனியின் புகழை மட்டும் நம்பாமல், பல கம்பெனிகளுக்கும் பணி செய்யவல்ல தொழில்களையும் திறமைகளையும் இங்கே வேரூன்றச் செய்வதே விவேகமாகும்.