மழை மாற்றிய டிராம்

லண்டன்வாசிகள் தினமும் மின்சார டிராமில் போய்வரத் தொடங்கும் முன்பே நம்ம சென்னையில் அது ஓடியது, தெரியுமா நேயர்களே?

1895-இல் கிளம்பிய அந்த வண்டிக்கு முதலில் தலைக்கு மேல் கம்பியே கிடையாது! தெருவுக்கு அடியில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். அதன் வழியாகத்தான் மின்சாரம் வந்தது. பார்க்க அழகு. ஆனால் நம்ம ஊர் அடைமழை விடுமா? பள்ளத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதன்பிறகுதான் மேலே கம்பி கட்டினார்கள்.

மவுண்ட் ரோடு, மயிலாப்பூர் என்று மணியடித்துக்கொண்டே அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. நடத்திய கம்பெனி நொடித்துப்போக, 1953-இல் நின்றுபோனது. டிராமில் போன பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே கேட்டு வையுங்கள்.