பெயர் காண்டிராக்டர், பிழைப்போ கூலி!

இராயபுரம் கல்மண்டபத்தில் வசிக்கும் கொத்தனார் ஒருவர், என்னிடம் ஓதும் மாணவனின் தந்தை. சென்ற ஆண்டு சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டார். வேலை கொடுத்தவரிடம் உதவி கேட்டுச் சென்றோம். “இவர் எங்கள் தொழிலாளி அல்லர், காண்டிராக்டர். இவர் பெயரில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரிகூடப் பிடித்துக் கட்டியிருக்கிறோம்” என்று கணக்கைக் காட்டிவிட்டார்.

அன்பு வாசகர்களே! அந்தக் கொத்தனாரின் மூலதனம் ஒரு கரண்டியும் ஒரு மட்டப்பலகையும்தான். ஆறு ஆண்டுகளாக ஒரே முதலாளி, அவர் சொன்ன நேரம், அவர் காட்டிய சுவர், நாட்கூலி. இலாபமும் இவருக்கில்லை, நட்டமும் இவருக்கில்லை. இவர் எப்படிக் காண்டிராக்டர் ஆவார்?

நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விருவரையும் என்றோ பிரித்துக் காட்டிவிட்டன. தன் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைத்தவர் ‘அஜீர் காஸ்’. தையற்காரர், சாயம் தோய்ப்பவர்போல் பலருக்கும் வேலை செய்து கொடுப்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. முன்னவர் குறித்த நேரத்தில் வந்து நின்றாலே கூலிக்கு உரியவர். பின்னவரோ வேலையை முடித்தால்தான் உரியவர் என்பது ஹனஃபி சட்டம். இங்கே பார்க்கப்படுவது பெயரன்று, உடன்பாட்டின் உட்பொருளே.

நாட்டின் நீதியும் இதற்கு மாறானதன்று. கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர் ஹுசைன்பாய், ‘இவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள்’ என்று வாதாடினார். 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. எவருடைய தொழிலுக்காக உழைக்கிறார்களோ, எவர் கையில் அவர்களின் பிழைப்பு இருக்கிறதோ, அவரே முதலாளி என்று தீர்ப்பளித்தார்.

அப்படியானால் காண்டிராக்டர் என்பதே பொய்யா? இல்லை. தம் ஆட்களைத் தாமே அமர்த்தி, விலை பேசி, இலாப நட்டத்தைத் தாமே சுமக்கும் மேஸ்திரிகள் நம்மிடையே பலர். அவர்கள் வரிக்கு அஞ்சி ஒளியத் தேவையில்லை. கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கென்றே 1994இல் ஓர் எளிய முறை வந்தது. பின்னர் மற்ற தொழில்களுக்கும் விரிந்தது. மொத்த வரவில் நூற்றுக்கு எட்டு ரூபாயை (வங்கி வழி வந்த பணமாயின் ஆறு ரூபாயை) இலாபமாகக் காட்டினால் போதும்.

ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் ரூபாய்க்கு வேலை எடுத்த மேஸ்திரியை எண்ணிப் பாருங்கள். பிடித்த வரி 15,000 ரூபாய். எட்டு விழுக்காட்டு இலாபம் 1,20,000. வேறு வருமானம் இல்லையெனில் இத்தொகைக்கு வரியே கிடையாது. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் முழுதும் திரும்பும். செய்யாவிட்டால் போனது போனதுதான்! ஒளிவதால் நட்டம் யாருக்கு?

ஆகவே சகோதரர்களே! வரிப் பிடித்தச் சீட்டு ஒருவரைக் காண்டிராக்டராக்கிவிடாது. நேரத்தை யார் குறிக்கிறார், நட்டத்தை யார் தாங்குகிறார் என்று கேளுங்கள். ‘நான்தான்’ என்பது விடையானால் ஒழுங்காகக் கணக்குக் காட்டுங்கள். ‘அவர்தான்’ என்றால், புரியாத தாளில் கையொப்பமிடாதீர்கள்; 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைப் பதியுங்கள்.

வேலை கொடுக்கும் செல்வந்தர்களுக்கும் ஒரு சொல். தொழிலாளியைக் காண்டிராக்டர் என்று எழுதிக்கொள்ளும் பேனா, அவர் பிள்ளையின் உணவிலும் கை வைக்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சாரத்திலிருந்து விழுந்தவரைக் கைவிட அதில் இடமுண்டா?